கடை விலையும் அதனுள் இருக்கும் வரியும்

"பத்து டொலர் என்று போட்டிருந்த சட்டையை எடுத்தேன். காசு கட்டப் போனால் பதினொரு டொலர் முப்பது சதம் கேட்கிறார்கள்." கனடாவில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் இப்படிச் சொல்வதை எமது குடும்பங்களிற் பலர் கேட்டிருப்பார்கள். லண்டனில் இருக்கும் உறவினர் அப்படிச் சொல்வதில்லை. அங்கே பத்துப் பவுண் என்று எழுதியிருந்தால் கொடுப்பதும் பத்துப் பவுணே. இந்தியாவில் முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு வழக்கம் தெரியும். அங்கே சவர்க்காரத்தின் உறையிலேயே ‘எல்லா வரிகளும் உட்பட’ என்று விலை அச்சிடப்பட்டிருக்கும். மூன்று நாடுகளிலும் அரசு வரி எடுக்கிறது. மூன்றிலும் அதன் சுமை பொருளை வாங்குபவரையே சேருகிறது. அந்த வரியை வாங்குபவரின் கண்ணுக்கு எங்கே, எப்போது காட்டுவது என்பதிற்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

வசதி உள்ளவருக்கு இது ஒரு சிறு விடயம். எண்ணி வைத்த காசோடு கடைக்குப் போகிறவருக்கு அப்படியல்ல. இருப்பதைக் கொண்டு என்ன வாங்கலாம், எதை விடலாம் என்று அவர் கடை வாசலிலேயே கணக்குப் பார்த்து முடித்திருப்பார். அந்தக் கணக்கு காசு கட்டும் இடத்தில் பிழைத்துப் போனால், எடுத்த பொருளில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டியவர் அவரே.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நிவாரணம் பெறும் குடும்பங்களைப் பற்றி, "வரி கட்டுகிறவர்களின் பணத்தில் இருக்கிறார்கள்" என்று சிலர் பேசுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எமது மக்களும் அதை மறுத்துப் பேசுவதில்லை. நாம் வரி கட்டுவதில்லை என்றே அவர்களும் எண்ணுகிறார்கள். இயேசுவின் காலத்தில் சுங்கத்துறையில் அமர்ந்திருந்த மத்தேயுவை ஊரே அறிந்திருந்தது. யாருக்கு வரி கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கொடுத்தவருக்குத் தெரியும். இன்றைய ஆயக்காரர் சவர்க்காரக் கட்டிக்குள்ளும் பற்பசைக்குள்ளும் அமர்ந்திருக்கிறார். அவரை எவரும் காண்பதில்லை.

அவர் அங்கே எப்படிப் போய் அமர்கிறார் என்பதை முதலில் விளங்கிக் கொள்வோம். பெறுமதி சேர் வரி, அதாவது எமது வழக்கில் ‘வற்’, நூற்றுக்கு 18 என்று வைத்துக் கொள்வோம். தொழிற்சாலை ஒரு பொருளை 100 ரூபாவுக்கு விற்கிறது. அதனோடு 18 ரூபா வரியைச் சேர்த்து மொத்த வியாபாரியிடம் 118 ரூபா வாங்குகிறது. மொத்த வியாபாரி தன் செலவையும் இலாபத்தையும் சேர்த்து 120 ரூபா விலை வைத்து, அதற்குரிய வரி 21 ரூபா 60 சதத்தையும் கூட்டி 141 ரூபா 60 சதத்துக்கு விற்கிறார். அந்த 21.60 முழுவதையும் அவர் அரசுக்குக் கட்டுவதில்லை. தான் ஏற்கெனவே தொழிற்சாலைக்குக் கொடுத்த 18 ரூபாவைக் கழித்துக்கொண்டு மிகுதி 3 ரூபா 60 சதத்தையே கட்டுகிறார். அடுத்ததாக அப்பொருள் எமது கிராமத்துக் கடைக்கு வருகிறது. இந்தச் சிறிய கடை வற் வரிக்குப் பதிவு செய்யப்பட்டதல்ல. ஆகவே கடைக்காரர் வரி எதையும் தனியாகச் சேர்க்காமல், 141.60இன் மேல் தன் இலாபத்தை வைத்து 160 ரூபாவுக்கு விற்கிறார். வாங்கும் தாய் அங்கே வரி என்ற சொல்லையே கேட்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த 160 ரூபாவுக்குள் 21 ரூபா 60 சதம் அரசுக்குப் போன பணம்.

வரியைப் பின்னர் கூட்டும் நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான விற்பனை வரி கிடையாது. 45 மாநிலங்கள் தத்தமக்கென ஒரு விற்பனை வரியை வைத்திருக்கின்றன. அலாஸ்கா, டெலவெயர், மொன்ரானா, நியூ ஹம்ஷயர், ஒரிகன் ஆகிய ஐந்து மாநிலங்களில் மாநில அளவிலான விற்பனை வரி இல்லை. மாநில வரியின் மேல் மாவட்டமும் நகரமும் தம் பங்குக்குச் சிறிது சேர்ப்பதுண்டு. ஆகவே வீதியின் இந்தப் பக்கம் ஒரு வீதமும் அந்தப் பக்கம் வேறொரு வீதமும் இருக்கக் கூடும். அலுமாரித் தட்டில் எழுதப்பட்டிருப்பது வரி சேராத விலை. வரி காசாளரின் இயந்திரத்திலேயே சேர்கிறது.

இந்த வழக்கம் 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேரூன்றியது. விளைபொருள் விலை விழுந்து, காணி வரி கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தை இழந்து கொண்டிருந்த காலம் அது. காணி வரியால் வருமானம் வராது போகவே மாநில அரசுகள் விற்பனை வரியை நாடின. மிசிசிப்பி மாநிலம் 1932இல் முன்னே சென்றது. அந்தப் பத்தாண்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. வியாபாரிகள் ஒரு விடயத்தில் உறுதியாக நின்றார்கள்: விலை ஏறியது எம்மால் அல்ல, அரசினால் என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். அரசுகளும் அதற்கு இசைந்தன. வரியைத் தானே ஏற்றுக் கொள்வதாகக் கடைக்காரர் விளம்பரம் செய்வதைப் பல மாநிலங்களின் சட்டம் தடுத்தது.

இதனால் ஒரு வேடிக்கையான சிக்கல் எழுந்தது. பத்துச் சதத்துக்குப் பாண் வாங்குகிறவரிடம் நூற்றுக்கு 2 வரி எடுப்பதென்றால் அது ஒரு சதத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அப்படி ஒரு நாணயம் இல்லை. ஒரு முழுச் சதத்தை எடுத்தால், சிறுகச் சிறுக வாங்கும் ஏழையே ஐந்து மடங்கு வரி கொடுத்தவராவார். இதற்காகப் பன்னிரண்டு வரையான மாநிலங்கள் சதத்தின் பத்தில் ஒரு பங்கு போன்ற பெறுமதிகளில் சிறு வில்லைகளை வெளியிட்டன. 1935இல் மிசூரி மாநிலம் வெளியிட்ட முதல் வில்லைகள் பாற்போத்தல் மூடி போன்ற வட்ட அட்டைகள். பிற இடங்களில் அலுமினியத்திலும் நாகத்திலும் பிளாஸ்ரிக்கிலும் செய்தார்கள். மக்கள் சட்டைப் பையில் சில்லறையோடு வரி வில்லைகளையும் சுமந்து திரிந்தார்கள். பின்னாளில் இவ்வளவு தொல்லை எதற்கென்று விலைக்கு ஏற்ற வரி அட்டவணைகளோடு நிறுத்திக் கொண்டார்கள். ஆயினும் சிறுகச் சிறுக வாங்குகிறவரைச் சதக் கணக்கு அழுத்தும் என்பதை அந்நாளில் ஓர் அரசு எண்ணிப் பார்த்தது என்பதற்காகவே அந்த வில்லைகள் எமக்குப் பிடித்திருக்கின்றன.

விலை எழுதும் முறை வாங்குபவரின் மனத்தை மாற்றுமா? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2006இல் ராஜ் செட்டி உட்பட மூன்று பொருளியலாளர்கள் வட கலிபோர்னியாவில் ஒரு கடையின் சில பகுதிகளில், வழக்கமான விலைச் சீட்டுக்குக் கீழே வரி சேர்த்த விலையையும் எழுதி ஒட்டினார்கள். மூன்று வாரம் அப்படியே விட்டார்கள். எவருக்கும் விலை ஒரு சதமும் ஏறவில்லை. எப்போதும் கொடுத்த அதே பணத்தையே கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பொருட்களின் விற்பனை ஏறத்தாழ நூற்றுக்கு 8 குறைந்தது. அங்குள்ள மக்கள் வரி வீதத்தை அறியாதவர்களும் அல்லர். அறிந்திருந்தும், தட்டின் முன் நிற்கும்போது அதைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. கண் முன் எழுதியபோதே சேர்த்தார்கள். 2009இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது, வரியைப் பின்னர் கூட்டும் முறை யாருக்கு வசதியானது என்பதில் எமக்கு ஐயம் இருக்கவில்லை. அதே அமெரிக்காவில் எரிபொருள் நிரப்பும் இடத்தில் மட்டும் பெரிய பலகையில் எழுதியிருப்பது வரிகள் அனைத்தும் சேர்ந்த விலை. அங்கே முடிவது மற்றக் கடைகளில் முடியாது என்பது எப்படியென்று கேட்கத் தோன்றுகிறது.

கனடாவின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. 1990 வரை அங்கே உற்பத்தியாளரிடம் எடுக்கப்பட்ட ஒரு வரி இருந்தது. அதன் வீதம் நூற்றுக்கு 13.5. தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டதால் அது விலைக்குள் கரைந்து போயிருந்தது. பெரும்பாலான மக்கள் அப்படி ஒரு வரி இருப்பதையே அறியவில்லை. 1991 ஜனவரி முதலாந் திகதி அதை நீக்கிவிட்டு, நூற்றுக்கு 7 வீதமான பொருட்கள் சேவைகள் வரியைக் கொண்டுவந்தார்கள். புதிய வரி பல சேவைகளையும் தொட்டது உண்மையே. ஆனால் மக்களைக் கொதிக்க வைத்ததில் அது ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் தனி வரியாகத் தெரிந்ததற்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத பதின்மூன்றரைக்கு முறைப்பாடு இல்லை. கண்ணுக்குத் தெரிந்த ஏழுக்கு நாடே எழுந்தது. 1988இல் 169 ஆசனங்களை வென்ற ஆளும் கட்சி 1993 தேர்தலில் இரண்டே இரண்டு ஆசனங்களோடு திரும்பியது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இந்த வரியின் பெயர் அதில் முன் நின்றது. பின்னர் வந்த அரசு 2006இலும் 2008இலும் வீதத்தைக் குறைத்து 5 ஆக்கியது. எமது மக்கள் நிறைந்து வாழும் ரொறன்ரோ அமைந்த ஒன்ராறியோவில் 2010 முதல் மாகாண வரியும் சேர்ந்து நூற்றுக்கு 13. அதனாற்தான் பத்து டொலர்ச் சட்டை 11 டொலர் 30 சதமாகிறது. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லாததால் அதே சட்டைக்கு 10 டொலர் 50 சதம். அடிப்படை உணவுப் பொருட்களுக்கு இவ்வரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விலையோடு சேர்த்துக் காட்டும் நாடுகள்

பெறுமதி சேர் வரி பிறந்த நாடு பிரான்ஸ். மொறிஸ் லோறே என்ற வரி அதிகாரியின் திட்டத்தின்படி 1954இல் அது சட்டமானது. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் பிறப்பித்த பணிப்புரையின்படி, நுகர்வோருக்குக் காட்டும் விலை வரி உட்பட்ட இறுதி விலையாக இருக்க வேண்டும். பிரித்தானியாவிலும் அதுவே வழக்கம். அங்கே 2011 முதல் வீதம் 20. பற்றுச்சீட்டின் அடியில், இந்தத் தொகைக்குள் வரி இவ்வளவு என்று அச்சிடுவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழக்கம். அவுஸ்திரேலியா 2000 யூலையில் நூற்றுக்கு 10 வரியைத் தொடங்கியபோதே, விலை என்றால் முழு விலையே என்று வைத்துக் கொண்டது.

ஐரோப்பாவிலும் வரி சேராத விலை எழுதும் இடம் ஒன்று உண்டு. வியாபாரிகளுக்கு மட்டும் விற்கும் மொத்த விற்பனை நிலையங்களில் தட்டில் இருப்பது வரி நீங்கிய விலை. அங்கே வாங்குபவர் அந்த வரியைப் பின்னர் கழித்துக் கொள்ளக் கூடியவர். அவருக்குத் தேவையான விலையும் அதுவே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். எமது ஊருக்கு வரும்போது இது தேவைப்படும்.

ஜப்பான் இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்த நாடு. 1989 ஏப்ரலில் நூற்றுக்கு 3 நுகர்வு வரி வந்தது. சில்லறைக்காக ஒரு யென் நாணயங்களை அரசு அடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அவ்வாண்டு யூலையில் நடந்த மேல்சபைத் தேர்தலில் ஆளும் கட்சி பெரும்பான்மையை இழந்ததற்கு இவ்வரியும் ஒரு காரணம். பல கடைகள் வரியில்லாத விலையையே எழுதிக் கொண்டிருந்தன. வாங்குபவர்கள் குழம்புகிறார்கள் என்பதால் 2004 ஏப்ரல் முதல் முழு விலையையும் காட்ட வேண்டுமென்று சட்டம் வந்தது. பின்னர் வரியை 8ஆகவும் 10ஆகவும் உயர்த்தத் தீர்மானித்தபோது, இரண்டு முறை விலைச் சீட்டு மாற்றும் தொல்லை வேண்டாமென்று 2013 ஒக்டோபரில் அச்சட்டத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். தற்காலிகம் ஏழரை ஆண்டுகள் நீடித்தது. 2021 ஏப்ரல் முதலாந் திகதி முழு விலை மீண்டும் கட்டாயமானது. இன்றும் பல கடைகளில் வரியில்லாத விலை பெரிய எழுத்திலும் வரி சேர்ந்த விலை அதன் அருகே சிறிய எழுத்திலும் இருக்கும். நூறு யென் கடை என்று பெயர் பெற்ற கடைகளில் நூறு யென் பொருளுக்கு 110 யென் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2024 முதல் வரி நூற்றுக்கு 9. அங்கும் காட்டும் விலை வரி உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆனால் சேவைக் கட்டணம் எடுக்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் விலக்கு உண்டு. உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளங்கள் இருக்கும். ஒன்று சேவைக் கட்டணம், மற்றது வரி. பத்து டொலர்ச் சோறு நூற்றுக்கு 10 சேவைக் கட்டணத்தோடு பதினொன்றாகி, அதன் மேல் வரியோடு 11 டொலர் 99 சதமாகிறது. அடையாளம் தெரிந்தவர் தப்புவார்.

இந்தியா பொதி செய்த பொருட்களுக்கு வேறு வழியை எடுத்தது. உச்சபட்ச சில்லறை விலையை எல்லா வரிகளும் உட்பட உறையில் அச்சிட வேண்டும் என்ற முறை 1990இல் வந்தது. அதற்கு மேல் ஒரு சதமும் கேட்கக் கூடாது. இதில் ஒரு நன்மை, எழுத்துக் கூட்டி வாசிக்கக் கூடிய பிள்ளையை அனுப்பினாலும் ஏமாறாது. ஒரு குறை, அந்த விலைக்குள் வரி எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்பது உறையில் இல்லை. பிரேசில் இந்தக் குறைக்கு 2012இல் ஒரு சட்டம் செய்தது. விலை முழு விலையாகவே இருக்கும். பற்றுச்சீட்டில் அதற்குள் அடங்கிய வரிகளின் அண்ணளவான தொகையையும் எழுத வேண்டும். எமது எண்ணத்தில் இதுவே நேர்மையான வழி. வாங்குமுன் முழு விலை தெரிய வேண்டும், வாங்கிய பின் வரி தெரிய வேண்டும்.

எமது கடைகளில்

இலங்கையில் பழைய புரள்வு வரியின் இடத்தில் 1998 ஏப்ரலில் பொருட்கள் சேவைகள் வரி வந்தது. 2002 ஒகஸ்டில் அதன் இடத்துக்கு வற் வந்தது. 2019 டிசெம்பரில் அதன் வீதத்தை 15இலிருந்து 8ஆகக் குறைத்தார்கள். பொருளாதாரம் சரிந்த பின்னர் 2022 யூனில் 12, செப்ரெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏற்றினார்கள். அந்த ஜனவரியிலேயே அதுவரை விலக்குப் பெற்றிருந்த டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு முதலியவையும் வரிக்குள் வந்தன. 2022 ஒக்டோபரில் தொடங்கிய நூற்றுக்கு இரண்டரை வீதமான சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் விலைகளுக்குள் இருக்கிறது.

எமது நாட்டில் பொதி செய்த பொருட்களில் உச்சபட்ச சில்லறை விலை அச்சிடப்படுகிறது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி கடைக்காரர் விலைப் பட்டியலைக் காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். ‘வற் கூடிவிட்டது’ என்று சொல்லி உறையில் உள்ள விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அந்த விலையே வாங்குபவர் கொடுக்கக் கூடிய ஆகக் கூடிய விலை. 1180 ரூபா என்று அச்சிட்ட பொருளுக்கு மேலும் 18 வீதம் கூட்டினால் 1392 ரூபா 40 சதமாகிவிடும். அதாவது வரிக்கும் வரி. முறைப்பாடு செய்ய அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

அடுத்தது பதிவு பற்றியது. வற் வரிக்குப் பதிவு செய்யாதவர் அந்த வரியை எவரிடமும் அறவிட முடியாது. பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 2024 ஜனவரியில் 6 கோடி ரூபாவாக இருந்தது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்கும் யோசனை வந்தது. எல்லை குறையக் குறைய எமது பட்டினங்களில் உள்ள இரும்புக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் வரிக்குள் வரும். ஆகவே பற்றுச்சீட்டில் வற் என்று ஒரு தொகை எழுதியிருந்தால், கடையின் வற் பதிவிலக்கம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது இலக்கங்களும் ஒரு சிறு கோடும் அதன் பின் 7000 என்பதும் அதன் அமைப்பு. இலக்கம் இல்லாத சீட்டில் வற் இருந்தால், அது எந்த அதிகாரத்தில் எடுக்கப்பட்டது என்று மரியாதையாகவே கேட்கலாம்.

எமது குடும்பங்கள் பெருந் தொகையை இழக்கக் கூடிய இடம் பலசரக்குக் கடை அல்ல, விலைமனு. வீடு திருத்தவோ கிணறு இறைக்கவோ உதவி கிடைக்கும்போது, கடையிலிருந்து விலைமனு வாங்கி வரச் சொல்வார்கள். இரும்புக் கடைகளும் இயந்திரக் கடைகளும் ஒப்பந்தகாரருக்கும் நிறுவனங்களுக்கும் விற்றுப் பழகியவை. மேலே சொன்ன ஐரோப்பிய மொத்த நிலையங்களைப் போல, அவை வரி நீங்கிய விலையை எழுதிக் கொடுப்பது வழக்கம். அடியில் ‘வற் நீங்கலாக’ என்று ஒரு சிறு வரி, பெரும்பாலும் ஆங்கிலத்தில், இருக்கும். கூரைத் தகடு, சீமெந்து, நீர் இறைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 50 ஆயிரம் என்று மனுக் கொடுத்து, அதே தொகை உதவியாக வந்தபின் கடைக்குப் போனால் 2 இலட்சத்து 95 ஆயிரம் கேட்பார்கள். குறையும் 45 ஆயிரத்தை யாரிடம் கேட்பது? தகடு வந்து மரம் வராமல் நிற்கும் வீடும், இயந்திரம் வந்து குழாய் வராத கிணறும் இப்படியும் உண்டாகின்றன. மனு எழுதும்போதே "இது வரியோடா, வரி இல்லாமலா?" என்று கேட்டு, ‘எல்லா வரிகளும் உட்பட இறுதித் தொகை’ என்று தமிழிலேயே எழுதுவித்துக் கொள்ளுங்கள். எத்தனை நாளுக்கு அந்த விலை செல்லும் என்பதையும் எழுதுவியுங்கள். உதவி வழங்கும் நிறுவனத்தாரும் வரி சேர்ந்த மனுவையே கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். இதைச் சொல்வதில் எமது சொந்த நிலையங்களுக்கும் விலக்கில்லை.

வரி உள்ள விலையிலிருந்து வரியைக் கண்டுபிடிக்கும் முறையிலும் பலர் தடுமாறுகிறார்கள். 1180 ரூபாவுக்கு நூற்றுக்கு 18 என்று பெருக்கினால் 212 ரூபா 40 சதம் வரும். அது தவறான விடை. விலையை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். அப்போது 180 ரூபா என்ற சரியான தொகை வரும். பாடசாலையில் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளிடம் வீட்டில் உள்ள பற்றுச்சீட்டுகளைக் கொடுத்து இக்கணக்கைச் செய்யச் சொல்லலாம்.

எல்லா வரிகளும் பற்றுச்சீட்டுக்கு வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சீனி, பருப்பு, வெங்காயம் முதலியவற்றுக்குத் துறைமுகத்திலேயே கிலோவுக்கு இவ்வளவு என்று விசேட வியாபாரப் பண்ட வரி எடுப்பதுண்டு. 2020 ஒக்டோபர் 13ஆந் திகதி சீனிக்கான அந்த வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். கடையில் சீனி விலை 50 ரூபா குறையவில்லை. அரசு பல பில்லியன் ரூபா வருமானத்தை இழந்தது, நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. 2023 நவம்பரில் வரி மீண்டும் 50 ரூபாவானபோது கடை விலை காத்திருக்கவில்லை, உடனே ஏறியது. ஏறும்போது வாங்குபவருக்கு வந்து சேர்ந்த வரி, இறங்கும்போது இடையில் நின்றுவிட்டது. சீனிப் பையில் வரி என்று எதுவும் எழுதியிராததால், கடையில் நின்று இதைக் கேட்க எவருக்கும் ஆதாரம் இருக்கவில்லை.

விவசாயிக்கு இதில் தனியான ஒரு கணக்கு உண்டு. அவர் வாங்குபவர் மாத்திரமல்ல, விற்பவரும் ஆவார். உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிக்கும்போது விலைக்குள் இருக்கும் வரியையும் கொடுக்கிறார். பதிவு பெற்ற ஒரு நிறுவனமாயின், தொழிலுக்காக வாங்கியபோது கொடுத்த வரியைப் பொதுவாகத் தன் கணக்கிற் கழித்துக் கொள்ளும். எமது விவசாயியின் ஆண்டு விற்பனை பதிவு எல்லைக்கு மிகக் கீழே நிற்கிறது. அவர் நெல்லையோ வெங்காயத்தையோ விற்கும்போது அதன் மேல் வரி சேர்ப்பதுமில்லை, கொடுத்த வரியைத் திரும்பப் பெறுவதுமில்லை. சந்தை விலையை வைப்பவரும் அவரல்லர். ஆகவே அந்த வரி அவரிடமே தங்கிவிடுகிறது. போகத்துக்கு எத்தனை லீற்றர் டீசல் அடித்தீர்கள், என்ன விலைக்கு என்பதைப் பற்றுச்சீட்டுகளோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கும் அதே முறையில் அந்தத் தொகையை நீங்களே காணலாம். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, சங்கத்தின் பெயரில் விரும்பிப் பதிவு செய்து கொள்வதால் இதில் ஏதேனும் மீளுமா என்பது கணக்கு வைக்கும் வேலையோடும் செலவோடும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. அதை அடுத்த இதழில் தனியாக எழுதுவோம்.